இரண்டாவது கதை எங்கே?

சங்க அறையின் மூலையில் நிற்கும் இரும்பு அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலை இவ்வாண்டு என் தலையில் விழுந்தது. செயலவையில் யாரும் விரும்பி ஏற்காத வேலை அது. உள்ளே பழைய ஆண்டிதழ்கள், பரிசளிப்பு விழா அழைப்பிதழ்கள், கால் உடைந்த குத்துவிளக்கு ஒன்று, யாருக்கோ கொடுக்க மறந்துபோன நினைவுச்சின்னம் ஒன்று. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். இதழ்களைப் புரட்டத் தொடங்கியதும் மாலையாகிவிட்டது.

ஒவ்வோர் இதழிலும் சிறுகதைப் போட்டியில் வென்ற மாணவர்களின் கதைகள் இருந்தன. கதைக்கு மேலே சிறிய படம், பெயர், துறை, எந்த ஆண்டு மாணவர் என்ற விவரம். சில கதைகள் உண்மையிலேயே நல்ல கதைகள். பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். அடுத்தடுத்த இதழ்களில் அதே பெயர் மீண்டும் வருகிறதா என்று தேடினேன். மிகச் சிலவே வந்தன. படிப்பு முடிந்த பிறகு நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பிலோ கதைத் தொகுப்புகளிலோ நான் கண்ட பெயர்கள் அவற்றில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கையின் விரல்களே அதிகம்.

சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவரைப் புலனத்தில் கேட்டேன். "அந்தக் கதை எழுதின அக்கா இப்ப ஈப்போவுல மருந்தகம் வச்சிருக்காங்க. இந்த அண்ணன் சிங்கப்பூர்ல வேலை செய்றாரு" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விவரம் சொன்னார். "எல்லாரும் இப்ப எழுதுறாங்களாண்ணா?" என்று கேட்டேன். பதிலுக்குச் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பி வைத்தார்.

நான் குறித்த பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. நூறு ரிங்கிட், ஒரு நற்சான்றிதழ், மேடையில் ஒரு படம். அதன் பிறகு நான் ஒரு கதையையும் எழுதி முடிக்கவில்லை. இன்னும் சில மாதங்களில் பட்டம் பெற்று வெளியேறப் போகிறேன். ஆகவே, இதை யாரும் மற்றவர்களைக் குறை கூறும் கட்டுரையாக வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம்முடைய தமிழ்ச் சங்கங்கள் ஒரு மாணவரை முதல் கதை எழுத வைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. இரண்டாவது கதைக்கு நாம் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. ஆனால், ஒருவர் எழுத்தோடு வாழப் போகிறாரா, எழுதிய நினைவோடு மட்டும் வாழப் போகிறாரா என்பது அந்த இரண்டாவது கதையில்தானே தெரியவரும்?

போட்டிகளே வேண்டாம் என்பது என் வாதமன்று. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பல்லாண்டுகளாக நடத்திவரும் 'பேரவைக் கதைகள்' போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இந்நாட்டில் அறியப்பட்ட எழுத்தாளர்கள் பலர் அதில் பரிசு பெற்றவர்கள். தவிரவும், இறுதி நாள் என்ற ஒன்று இல்லாவிட்டால் மாணவர்களாகிய நாம் எதையும் முடிக்கமாட்டோம் என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. போட்டி நமக்கு அந்த இறுதி நாளைத் தருகிறது. கூடவே வேறொன்றையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதை என் கதையைக் கொண்டே சொல்கிறேன்.

அதன் தலைப்பில் 'வேர்' என்ற சொல் இருந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள். தோட்டத்தில் பால்மரம் சீவும் பாட்டி ஒருத்தி. தோட்டம் துண்டாடப்படுகிறது. மகன் பட்டணத்துக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிடுகிறான். கடைசிப் பக்கத்தில் பாட்டி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இறந்துபோகிறாள். நானோ 2003ஆம் ஆண்டு சுங்கைப்பட்டாணியில், ஒரு தாமானில் பிறந்தவள். பால்மரத்தைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். தோட்டத் துண்டாடல் என்பது 1950களிலும் 60களிலும் நம் மக்களை அலைக்கழித்த சங்கதி என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. என் கதையில் தோட்டமும் துண்டாடப்பட்டது, மகன் கையில் கைப்பேசியும் இருந்தது. நீதிபதிகள் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள் போலும்!

இதழ் வெளிவந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையிலும் பிறகு படிவம் மூன்று வரையிலும் படித்தவர். பிறையில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் வேலை. இரவு வேலை முடிந்து வந்திருந்தவர், தேநீரை ஆற வைத்துவிட்டு என் கதையை முழுதாக வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இந்தப் பாட்டி?"

"நம்ம பாட்டிதாம்மா."

"உங்க பாட்டி பால்மரமே வெட்டுனதில்லையே. அவங்க ஆயாக்கொட்டாயில பிள்ளைங்கள பாத்துக்கிட்டவங்க. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் தூக்கத்தோட கொண்டாந்து போட்டுட்டுப் பெரட்டுக்குப் போயிடுவாங்க. விளக்குகூட சரியா இருக்காது. எந்தப் பிள்ளை யாரு வீட்டுப் பிள்ளைன்னு இருட்டுல தலையத் தொட்டே சொல்லிடுவாங்க உங்க பாட்டி."

அம்மா போய்ப் படுத்துவிட்டார். நான் அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் தலையைத் தொட்டுப் பிள்ளைகளை அடையாளம் சொல்லும் பாட்டி ஒருத்தி என் குடும்பத்திலேயே இருந்திருக்கிறார். நானோ முகம் தெரியாத ஒரு பாட்டியை எங்கிருந்தோ இரவல் வாங்கிக் கொண்டுவந்து மரத்தடியில் சாகடித்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. முந்தைய ஆண்டுகளில் பரிசு பெற்ற கதைகளைத் தேடிப் படித்தேன், தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள்களைப் புரட்டுவதுபோல. எது எடுபடுகிறது என்று கண்டுகொண்டு அதையே எழுதினேன். நாம் வளர்ந்த விதம் அப்படி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. என் காலத்தில் அது இருந்தது. அதற்காக நாங்கள் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்தோம். கதிரவன் கிழக்கே உதிக்காமல் எங்கள் கட்டுரைகளில் ஒன்றுகூடத் தொடங்கியதில்லை. இதற்காக என் ஆசிரியர்களை நான் ஒருபோதும் பழிக்கமாட்டேன். எனக்கு எழுத்து அறிவித்தவர்கள் அவர்கள்தாம். ஆண்டு ஐந்தில் நான் எழுதிய எட்டு வரிக் கவிதையை ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்துக்குத் தம் கைக்காசில் அஞ்சல் தலை ஒட்டி அனுப்பியவரும் ஓர் ஆசிரியைதான். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பத்திரிகைகள் வாங்கி வந்தார், மூன்றும் அதே பத்திரிகை.

2016இல் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கேதான் என் தமிழ் இரண்டாகப் பிரிந்தது. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் வகுப்பு இருந்தது. கால அட்டவணைக்கு வெளியே, பிற்பகல் இரண்டு மணிக்கு, எந்த வகுப்பறை காலியாக இருக்கிறதோ அங்கே. ஆசிரியர் வேறு பள்ளியிலிருந்து வருவார். பசியோடு காத்திருப்போம். முதல் படிவத்தில் ஒரு கூட்டமாக இருந்தவர்கள் நான்காம் படிவத்துக்கு வரும்போது நான்கு பேர் ஆனோம். தமிழ் இலக்கியத்தை வார இறுதி வகுப்பில் படித்தேன். 2020ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வைப் பெருந்தொற்றினால் 2021 பிப்ரவரியில்தான் எழுத முடிந்தது. அதற்குள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம் முழுவதும் வீட்டில் அம்மாவோடும் அப்பாவோடும் பேசிய தமிழ் ஒன்று, தேர்வுக்கு எழுதிப் பழகிய தமிழ் ஒன்று என்று என்னிடம் இரண்டு சேர்ந்துவிட்டன. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

என் பரிசுக் கதை முழுக்க அந்த இரண்டாவது தமிழில் எழுதப்பட்டது. அதில் மகன் தன் பிள்ளையை 'இரவுச் சந்தை'க்கு அழைத்துப் போகிறான். எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் இரவுச் சந்தைக்குப் போனதில்லை. நாங்கள் பாசார் மாலாமுக்குத்தான் போவோம். பிறமொழிக் கலப்பு என்று மதிப்பெண் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நானே அதை மாற்றினேன். பயம் வீணானதும் அல்ல. கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நம்மில் பலர் வினைச்சொல்லை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிவிடுவோம் என்பதை நானும் அறிவேன். ஆனாலும், கதைக்குள் ஒருத்தி வாயைத் திறந்தால் அவளுடைய பேச்சுத்தான் வர வேண்டும். கதை சொல்பவர் நல்ல தமிழில் சொல்லட்டும். பாத்திரங்களைப் பேச விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். வரட்டும்.

இரண்டாவது கதை எனக்கு நின்றுபோனது இந்த இடத்தில்தான். அது அம்மாவைப் பற்றிய கதை. மாலை ஐந்தரைக்குத் தாமான் முனையில் கம்பெனி பஸ் வரும். உணவுப் பாத்திரத்தையும் குளிர்ச்சட்டையையும் எடுத்துக்கொண்டு அம்மா ஏறிவிடுவார். ஏழு மணிக்கு வேலை தொடங்கினால் மறுநாள் காலை ஏழு வரை. வரிசையில் அவருக்கு ஒரு பக்கம் நேப்பாளத்திலிருந்து வந்த ஒரு பெண், மறு பக்கம் குலிமிலிருந்து வரும் ஒரு மலாய்ச் சகோதரி. அம்மா அவரைக் 'காக்' என்று அழைப்பார். மூன்று பேரும் பேசிக்கொள்வது மலாயில், அதுவும் மூன்று விதமான மலாய். இதைத் தமிழ்க் கதையில் எப்படிக் கொண்டுவருவது? முதல் பிரதியில் மூன்று பேரும் என்னுடைய தேர்வுத் தமிழில் பேசினார்கள். வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. எட்டு முறை தொடங்கினேன். எட்டு முறையும் பஸ் தாமானை விட்டுப் புறப்படவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு தோழி 'மண்புழுக்கள்' நாவலைக் கையில் கொடுத்தாள். எழுதியவர் சீ. முத்துசாமி. தோட்டத்து மக்களின் பேச்சு அதில் கொஞ்சமும் தயக்கமில்லாமல் வருகிறது. படித்துக்கொண்டே போனபோது சில சொற்களில் பாட்டியின் குரலே கேட்டது. பிறகுதான் அவர் சுங்கைப்பட்டாணிக்காரர் என்று தெரிந்துகொண்டேன். 2017இல் கோயம்புத்தூரில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டிருக்கிறது. 2017இல் நான் சுங்கைப்பட்டாணியில் படிவம் இரண்டில் இருந்தேன்! அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு, எழுத்தாளர் என்றால் சென்னையில் இருப்பவர் அல்லது சுவரில் மாலை போட்ட படத்தில் இருப்பவர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே இப்படி ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இரவல் பாட்டி பிழைத்திருப்பாள்.

வயிற்றுப்பாட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா ஒருவர், "எழுதி என்னம்மா கிடைக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்நாட்டில் தமிழில் கதை எழுதி மட்டும் யாரும் வீட்டு வாடகை கட்ட முடியாது. சில நூறு பிரதிகள் அச்சடித்து, மண்டபம் எடுத்து, பிரமுகரை அழைத்து முதல் நூலை வாங்க வைத்து, வந்தவர்கள் உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பில் அச்சுக்கூலியை ஈடுகட்டும் நூல் வெளியீடுகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். மீதிப் பிரதிகள் எழுத்தாளரின் கட்டிலுக்கடியில். அரசாங்கத்தின் தேசிய இலக்கியவாதி விருது 1981 முதல் வழங்கப்படுகிறது. அது மலாய் மொழியில் எழுதுபவர்களுக்கு உரியது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனதோடு ஒரு ஞாயிறு பதிப்பும் போயிற்று.

ஆனால், நமக்கு முன்னால் எழுதியவர்கள் எவரும் இதை நம்பி இறங்கியதாகத் தெரியவில்லை. ரெ. கார்த்திகேசு வானொலியில் வேலை பார்த்தார், பின்னர் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், நாவல்களையும் எழுதினார். சயாம் மரண ரயிலைப் பற்றி 'நினைவுச்சின்னம்' எழுதிய அ. ரெங்கசாமி தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். ம. நவீனும் கே. பாலமுருகனும் ஆசிரியர்களாக இருந்துகொண்டே எழுத வந்தவர்கள். பகலில் ஒரு வேலை, மற்ற நேரத்தில் எழுத்து என்பதுதான் இங்கே வழக்கம். அப்படியானால் மாமா கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்நேரத்தில் எழுதுவாய்? எழுதியதை யார் வாசிப்பார்கள்? கணக்கியல் படித்துவிட்டுத் தணிக்கை நிறுவனத்துக்குப் போகவிருக்கும் எனக்கு முதல் கேள்வியே வயிற்றைக் கலக்குகிறது. ஆண்டுக்கணக்கு முடிக்கும் மாதங்களில் இரவு பதினொரு மணிக்கு முன் வீடு திரும்ப முடியாது என்று முன்னே போன அக்காமார்கள் சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் சங்கம் ஏதாவது செய்ய முடியும். இது புதிய யோசனையும் அல்ல. 1950-51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். நாளிதழிலேயே பாடம், பயிற்சி. எழுதி அனுப்பியவர்களை மதிப்பிட்டு ஊக்குவித்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாறு பேசுகிறவர்கள் இந்த வகுப்பைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அதே நாளிதழுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி எழுதுகிறவர்களை உட்கார வைத்துப் பேசினார். தோட்டங்களுக்கு நாளிதழ் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் இதெல்லாம் நடந்திருக்கிறது. நம் கையிலோ ஆளுக்கு ஒரு கைப்பேசி. ஒரு நொடியில் கதையை அனுப்பலாம். அனுப்பினால் என்ன வருகிறது? "சூப்பர்டா", "வாழ்த்துகள் அக்கா", கைகூப்பும் படம். இதை வைத்துக்கொண்டு இரண்டாவது பிரதி எழுத முடியுமா?

என் வேண்டுகோள் இரண்டே. பரிசளிப்பு விழாவின் விருந்துச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பருவத்துக்கு இரண்டு முறை இந்நாட்டு எழுத்தாளர் ஒருவருக்குப் பயணப்படி கொடுத்து அழைப்போம். சொற்பொழிவு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். மாணவர்களின் பிரதிகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அவர் எதிரில் பென்சிலோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, இந்த ஆண்டிதழில் சென்ற ஆண்டு வென்றவர்களுக்குக் கட்டாயமாகச் சில பக்கங்களை ஒதுக்குவோம். பரிசு கிடையாது. அவர்கள் எழுதித் தராவிட்டால் அந்தப் பக்கம் பெயருடன் வெறுமையாக அச்சாகட்டும். இதைச் செயலவைக் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

செயலவை முடிவெடுக்கும் வரை காத்திருக்காமல் நாங்கள் மூன்று பேர் இந்தப் பருவத்தில் வியாழக்கிழமை இரவுகளில் சிற்றுண்டிச் சாலையின் கடைசி மேசையில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் அன்றைய தே தாரிக் செலவு சொன்னவருடையது. பெரிதாகச் சாதித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். நான்காவது வாரம் ஒருவர் வரவில்லை, ஆறாவது வாரம் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், தேர்வு வாரத்தில் மேசையே காலி. இருந்தாலும் ஒன்பதாவது முறை தொடங்கிய என் கதையில் மூன்று பேரும் பேசுவதை அந்த மேசைதான் சரிசெய்து கொடுத்தது. மலாயில் பேசுவதைத் தமிழில் எழுது, அழைக்கும் சொற்களை மட்டும் அப்படியே விட்டுவிடு, 'காக்' என்பதை 'அக்கா' ஆக்காதே என்றான் இயந்திரவியல் படிக்கும் தம்பி. அவனுக்கு எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியமே கிடையாது.

போன வாரம் அம்மாவிடம் முதல் நான்கு பக்கங்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தி, "பஸ்ஸுல அந்த நேரத்துக்கு யாரும் பேசமாட்டாங்க, எல்லாம் தூங்கிருவோம். டிரைவர் மட்டும் பாட்டு கேட்டுக்கிட்டு வருவாரு" என்றார். ஒரு பக்க உரையாடலை அடித்தேன். இப்போது கம்பெனி பஸ் தாமானை விட்டுப் புறப்பட்டுவிட்டது. எல்லாரும் தூங்குகிறார்கள். பிறைக்குப் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.